பூட்டிய வீடுகளின் நாவலாசிரியர்

பேனாவின் மூடியைக் கழற்றாமலே, அதன் நுனியால் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் தெமிஸ் வர்லாமிஸ். லாகாரி ஊர்ச் சதுக்கத்தில் ஃப்ரோஸோவின் பெட்டிக்கடையைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கும். துணி காயப்போடும் கிளிப்புகளில் பத்திரிகைகள் அதில் தொங்கும். எல்லாத் தலைப்பையும் படித்து முடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆகும். ஒன்றையும் வாங்க மாட்டார். கடைசியில் ஒரு புதினா மிட்டாய்ச் சுருளை எடுத்துக்கொள்வார், நின்ற இடத்துக்கு வாடகை கொடுப்பது போல.

"இன்னைக்குச் செத்தவங்க யாராச்சும் எந்திரிச்சாங்களா, ஃப்ரோஸோ?"

"எங்கீங்க? நீங்க போய் உசுப்பினாத்தான் உண்டு."

அவர் நகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம். பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். இருவரில் ஒருவர்கூட ஒரு சொல்லை மாற்றி நான் கேட்டதில்லை. அந்த வியாழக்கிழமை வரை.

வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தாடி வளர்க்கிறார். பதினாறு பைகள் வைத்த காக்கி மேலாடை ஒன்றைக் கோடையிலும் கழற்றுவதில்லை. நடையில் ஒரு கெரில்லாத் தளபதி தெரிய வேண்டும் என்று பழகியிருக்கிறார். உண்மையில், கட்டாய ராணுவச் சேவைக் காலம் முழுக்க ஒரு கிடங்கில் போர்வைகளை மடித்து அடுக்கியவர். அவர் எழுதும் மேஜையில் ஒரு ஜெர்மன் இரும்புத் தொப்பி மல்லாந்து கிடக்கும். ஏதென்ஸ் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அதற்குள் அக்ரூட் கொட்டைகள் இருக்கும். விருந்தாளி வந்தால் கொட்டைகளை மேஜையில் கவிழ்த்துவிட்டு, தொப்பியை இரண்டு கையாலும் தூக்கி, "இதுக்குள்ள ஒரு தலை இருந்துச்சு" என்பார். ஒரு நிமிடம் அமைதி காப்பார். பிறகு கொட்டைகளை அள்ளிப் போட்டு, "எடுத்துக்குங்க" என்று நீட்டுவார்.

ஏழு நாவல்கள் எழுதியிருக்கிறார். ஏழும் ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த வருடங்களையும், அவர்கள் போன பிறகு நாம் நம்மையே சுட்டுக்கொண்ட வருடங்களையும் பற்றியவை. ஏழிலும் முதல் அத்தியாயத்தில் பனி பெய்யும். ஒன்றில் கதை ஆகஸ்டில் தொடங்குகிறது. அதிலும் பெய்கிறது. ஜெர்மன் அதிகாரி பியானோ வாசிப்பான். பாதிரியாரின் மகளுக்குப் பச்சைக் கண்கள். அண்ணன் மலைக்குப் போய்ப் புரட்சிப்படையில் சேருவான், தம்பி அரசுப்படையில். கடைசி அத்தியாயத்தில் இருவரும் ஒருவர் மடியில் ஒருவர் சாவார்கள், பக்கத்தில் ஒரு பாதாம் மரம் பூக்கும். யார் முதலில் சுட்டது என்று மட்டும் எந்த நாவலிலும் இருக்காது. ஒருமுறை கேட்டேன்.

"பனிமூட்டம்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?" என்றார். "நீலக் காப்பிக்கடையில உக்கார்ற வலதுசாரிக்காரனும் வாங்கணும், சிவப்புக் காப்பிக்கடையில உக்கார்ற இடதுசாரிக்காரனும் வாங்கணும். மூட்டம் இல்லாம எப்படி?"

நான் அவருக்குத் தட்டச்சு செய்பவள். தெசலோனிகியில் வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பட்டத்தோடு ஊருக்குத் திரும்பிய எனக்குக் கிடைத்த வேலை, ஒரு கிழவரின் கோழிக் கிறுக்கலைக் கணினியில் ஏற்றுவது. என் அப்பா சுவருக்குப் பூச்சு வேலை செய்பவர். "நான் சுவத்துல இருக்கற வெடிப்பப் பூசுறேன். நீ எதைப் பூசுற?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்து ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெமிஸ் ஐயாவின் எழுத்தைப் புரிந்துகொள்ள அவருடைய பழைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காக நம் நாட்டில் ஒவ்வொரு நகராட்சியும் ஆண்கள் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறது. எந்த வருடம் எந்த வீட்டில் எந்தப் பையன் பிறந்தான் என்ற கணக்கு. அந்தப் புத்தகத்தை முப்பத்தொரு வருடம் காத்தவர் அவர். தெருவில் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "வாங்க ஐம்பத்திரண்டு, வரிசை எண் பதினாலு!" என்பார். கூப்பிடப்பட்டவர்களுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. என்னிடம், "உனக்கு நம்பர் கிடையாது, பட்டதாரிம்மா. தொலைஞ்சு போனா உன்னை எந்தப் பக்கத்துல தேடறது?" என்று சொல்லிக் கண்ணடிப்பார். நானும் அதை ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டின் கடைசி ஆண் செத்துப்போனால், அந்த வீட்டுப் பெயரின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பூட்டின வீடு'. அவருடைய இலக்கியக் கொள்கை முழுவதும் அந்தக் கோட்டில் அடங்கிவிடும். வீரர்கள் எல்லோரும் பேரப்பிள்ளைகள் நிறைந்த வீடுகளிலிருந்து வருவார்கள். துரோகி எப்போதும் பூட்டின வீட்டிலிருந்து வருவான்.

"ஆளு இருக்கற வீட்டுல கை வெச்சா சட்டையப் பிடிப்பான், கோர்ட்டுக்கு இழுப்பான். பூட்டின வீட்டுலேருந்து யாரு வந்து கேக்கப் போறா?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இருக்காது. பாதுகாப்பான பாதையைக் கண்டுபிடித்த மலையேறியின் முகம்தான் இருக்கும்.

எட்டாவது நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது எங்கள் ஊரின் சொந்தப் புண். நாற்பத்து மூன்றாம் வருடம் அக்டோபரில் ஜெர்மன்காரர்கள் லாகாரியைச் சுற்றி வளைத்து, ஆண்களை எல்லாம் இந்தச் சதுக்கத்தில் உட்காரவைத்தார்கள். கோணிப்பையில் இரண்டு கண் ஓட்டை போட்டு முகத்தை மூடிய ஒருவன் அவர்கள் நடுவே நடந்து போனான். அவன் பேசவில்லை. விரலால் காட்டினான். அவன் காட்டிய இருபத்து மூன்று பேரை ஓடைப் பள்ளத்தில் சுட்டார்கள். அந்த இருபத்து மூன்று பெயரும் சதுக்கத்துச் சலவைக்கல்லில் இருக்கின்றன. கோணிப்பைக்குள் இருந்தவன் யார் என்பது இந்த எழுபத்து மூன்று வருடத்தில் வெளியே வரவில்லை. எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அதைச் சொல்லத்தான் மாட்டார்கள்.

தெமிஸ் ஐயா சொல்லத் துணிந்தார். கல்லில் உள்ள பெயர்களில் நான்கு, பூட்டின வீடுகள். அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார். ஃபோத்திஸ் தெர்வாஸ், கழுதைச் சேணம் தைத்தவர். நாவலில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி 'கெர்வாஸ்' ஆக்கினார். தொழிலை மாற்றவில்லை. வலது கையில் இரண்டு விரல் இல்லாததையும் மாற்றவில்லை. அதுதான் அவருக்குப் பிடித்த இடமே. கோணிப்பை போட்டவன் வெட்டுப்பட்டு மிஞ்சிய குட்டை விரலால் ஆட்களைக் காட்டுகிறான். அந்தக் கையை வைத்தே ஊர் அவனை அடையாளம் காண்கிறது. இருபத்திரண்டு பேரைக் காட்டி முடித்ததும், ஜெர்மன் அதிகாரி அவனையும் பள்ளத்தில் தள்ளி இருபத்து மூன்றாவதாகச் சுடுகிறான். பின்னணியில் பியானோ.

அந்த அத்தியாயத்தைத் தட்டியது நான்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பழைய கேசட்டைக் கேட்டு எழுத்தாக்கியதும் நான்தான். அன்று பத்து வயதுப் பையனாக அந்தச் சதுக்கத்தில் இருந்த ஒருவர், சாவதற்கு முந்தைய வருடம் தெமிஸ் ஐயாவிடம் பேசியது. "விரல் நீளமா, வெள்ளையா இருந்துச்சு. மோதிரம் போட்டிருந்தான். மண்வெட்டி புடிச்ச கையே இல்ல அது" என்று அந்தக் குரல் இரண்டு முறை சொல்கிறது. நாவலில் அந்தக் குரல் இல்லை. நான் அந்தப் பக்கங்களில் நான்கு எழுத்துப்பிழை திருத்தினேன். ஓர் இடத்தில் காற்புள்ளி சேர்த்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஃபோத்திஸ் தெர்வாஸ் பெட்டிக்கடை ஃப்ரோஸோவின் அப்பா. இது எனக்குத் தெரியும், என் அப்பாவுக்குத் தெரியும், காப்பிக்கடையில் சீட்டாடும் அத்தனை பேருக்கும் தெரியும். தெமிஸ் ஐயாவுக்குத் தெரியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. தெரிந்துதான் எழுதுகிறார், இவ்வளவு துணிந்தவரிடம் நான் என்ன பேச என்று இருந்துவிட்டேன். இது காரணமா, பிற்பாடு நான் தைத்துக்கொண்ட சாக்கா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவர் தீவுக்காரர். இருபத்தாறு வயதில் மாற்றலாகி வந்தவர். மனைவி, இந்த மலைக்காற்று முழங்காலுக்கு ஆகாது என்று தீவிலேயே தங்கிவிட்டார். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு புத்தகத்திலிருந்து தெரிந்தது. யார் வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, உன் அம்மா யார், உன்னை எங்கிருந்து கட்டி வந்தார்கள் என்று கேட்டவரல்ல. ஃப்ரோஸோ, லாரி ஓட்டிய பகோலாஸின் விதவை. அதனால் அவள் பகோலாஸ் வீடு. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

அந்தப் பெட்டிக்கடையே ஃபோத்திஸின் பெயரால் வந்தது. போரில் செத்தவர்களின் விதவைகளுக்கு அரசாங்கம் கொடுத்த உரிமம். முதலில் ஃப்ரோஸோவின் அம்மா உட்கார்ந்திருந்தார், பிறகு இவள். மஞ்சளாகிப் போன உரிமத்தாள், கண்ணாடிச் சட்டம் போட்டு, சிகரெட் அடுக்குக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. தெமிஸ் ஐயா பதினோரு வருடம் முழங்கையை ஊன்றி நின்ற ஜன்னலிலிருந்து இரண்டு சாண் தூரம்.

வருடாவருடம் அக்டோபர் இரண்டாவது ஞாயிறு நினைவுநாள். கல்லின் முன்னால் நின்று பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு ஆண் ஒருவர் கூட்டத்திலிருந்து "இருக்கார்!" என்று பதில் சொல்வார். ஆண்தான் சொல்ல வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூட்டின வீடு என்றால் நகராட்சி மேளக்காரர் முரசில் ஓர் அடி அடிப்பார். எழுபத்திரண்டு வயது ஃப்ரோஸோ, அப்பா செத்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தவள், தன் அப்பாவின் பெயருக்கு அந்த ஓர் அடியைக் கடைக்குள் இருந்தே கேட்டுக்கொள்வாள். கூப்பிடுபவர் முப்பது வருடத்துக்கு மேலாக தெமிஸ் ஐயாதான். நல்ல கனத்த குரல். பதிலோ முரசடியோ வந்ததும் பேனாவின் மூடியைக் கழற்றி, பட்டியலில் ஒரு டிக் போட்டு, மூடியை மாட்டுவார். அடுத்த பெயர். மறுபடி கழற்றல், டிக், மாட்டல். இருபத்து மூன்று முறை. திறந்து வைத்தால் மை காய்ந்துவிடுமாம்.

புத்தகம் நினைவுநாளன்றே வெளிவருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, உள்ளூர் வாரப்பத்திரிகை கோணிப்பை அத்தியாயத்தை முழுதாகப் போட்டது. ஃப்ரோஸோ வழக்கம்போல அதைக் கிளிப்பில் மாட்டினாள். எட்டரை மணிக்கு நான் அங்கே இருந்தேன், வெளியீட்டு உரையின் திருத்திய பக்கங்களை அவரிடம் கொடுக்க. அவர் பேனாவை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குச் செத்தவங்க யாராச்சும் எந்திரிச்சாங்களா, ஃப்ரோஸோ?"

"எந்திரிச்சிருக்காரு. பதினோராம் பக்கத்துல."

அவருக்கு வாயெல்லாம் பல். "படிச்சிட்டியா? அந்த இடம் எப்படி? கோணிக்குள்ளேருந்து மூச்சு வெள்ளையா வருதே, அந்த இடம்?"

"அந்த ரெண்டு விரல் எங்க போச்சுன்னு எழுதலையே."

"எங்க போச்சு?"

"அல்பேனியா மலையில. இத்தாலிக்காரனோட சண்டை போட்டப்ப பனியில கருகிப்போச்சு. அழுகி மேல ஏறுதுன்னு அவரே ரொட்டி வெட்டற கத்தியால எடுத்துட்டாராம். திரும்பி வந்து மூணு விரலால ஊசி கோக்கப் பழகினாரு."

"அட! இதை யாரு சொன்னா உனக்கு?" பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். குறித்துக்கொள்ளத்தான் போனார்.

"எங்கம்மா."

"உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?"

குறிப்பேடு கையிலேயே நின்றது. அவர் நெற்றியில் பதிவேட்டின் பக்கங்கள் புரளுவதை என்னால் பார்க்க முடிந்தது.

"நீ பகோலாஸ் வீடாச்சே."

"அது புருஷன் வீடு."

"தெர்வாஸ் வீட்டுல யாரும் கிடையாது. நாப்பத்து மூணோட சிவப்புக் கோடு. பழைய புஸ்தகத்தைப் படியெடுத்தப்ப என் கையால போட்டேன்."

"ஆம்பளைங்க புஸ்தகத்துல என்னைத் தேடினா நான் எப்படிங்க இருப்பேன்?"

சிகரெட் அடுக்கை ஒதுக்கி, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். அவர் படித்தார். முத்திரையைப் படித்தார், தேதியைப் படித்தார், கையெழுத்தைக்கூட உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தேவையான தாள் ஒன்றை இணைக்காமல் விண்ணப்பம் கொடுத்தவரைக் கடிந்துகொள்ளும் குரலில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஃப்ரோஸோ!" என்றார்.

அவள் கோபப்படவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"புஸ்தகத்தை நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. அச்சடிச்சாச்சு, தெரியும். ஞாயித்துக்கிழமை அவர் பேரை வாசிக்கணும். அது ஒண்ணுதான்."

"அதுல என்னம்மா சந்தேகம்? கல்லுல இருக்கே!" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். புதினாச் சுருளை மறந்துவிட்டார்.

சந்தேகம் மதியத்துக்குள் வந்தது. காப்பிக்கடையில் பத்திரிகை கைமாறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு துக்கத்தையோ கோபத்தையோ எதிர்பார்த்துப் போனேன். இருந்தது நிம்மதி. பல்வலி நின்றவர்களைப் போல இருந்தார்கள்.

"எழுபது வருஷமா ஒருத்தன் கையை ஒருத்தன் பாத்துக்கிட்டே சீட்டாடினோம். இப்பத் தீந்துச்சு."

"டேய், அது ஃப்ரோஸோ அப்பாடா."

"தெரியும்டா. அவ ஒத்தைப் பொம்பள. யார் சட்டையப் பிடிக்கப் போறா?"

நினைவுநாள் கமிட்டித் தலைவர் புரோத்ரொமோஸ் சால்தாஸ் நாற்காலியை இழுத்து தெமிஸ் ஐயாவின் பக்கத்தில் போட்டார். மருந்துக்கடைக்காரர். அவருடைய தாத்தாவும் மருந்துக்கடைக்காரர். நான் ஏனோ அவருடைய கைகளைப் பார்த்தேன். பார்த்ததற்கு வெட்கப்பட்டேன். கோணிப்பை இந்த ஊரில் இன்னும் இப்படித்தான் நடமாடுகிறது.

"அண்ணே, நீங்க நாவல் எழுதல. வரலாறு எழுதிட்டீங்க" என்றார் சால்தாஸ். "ஆனா ஒண்ணு யோசிக்கணும். காட்டிக்கொடுத்தவன் பேரையும் அவனால செத்தவங்க பேரையும் ஒரே மூச்சுல வாசிச்சா மத்த இருபத்திரண்டு வீடும் சும்மா இருக்குமா? இந்த வருஷம் மட்டும் அந்தப் பேரை விட்டுடுவோம். கல்லுல அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தெமிஸ் ஐயா வாயைத் திறந்தார். ஒரு வாக்கியம் போதும்: 'அது நான் கட்டின கதைப்பா.' சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் 'வரலாறு' என்ற சொல் அவர் தாடிக்குள் தேன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு நாவலுக்கும் யாரும் சொல்லாத சொல். காப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"கமிட்டி முடிவு. நான் வெறும் வாசிக்கறவன்."

அன்று மாலை அவர் வீட்டில், கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இதுல மோதிரம்னு சொல்றாரு, ஐயா. நீளமான விரல்னு சொல்றாரு. ரெண்டு தடவை."

"கேட்டேன்."

"அப்புறம் ஏன்?"

"மோதிரம் போட்ட வீடெல்லாம் ஆளு இருக்கற வீடு, பட்டதாரிம்மா. டாக்டர், வக்கீல், மருந்துக்கடை. எந்த வீட்டுல கை வெக்கச் சொல்ற?" ஓர் அக்ரூட்டை உடைத்தார். "கவலைப்படாதே. 'பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே'ன்னு ஒரு சீட்டு அடிச்சுக் கடைசிப் பக்கத்துல சொருகிடலாம்."

"அந்தச் சீட்டை ஞாயித்துக்கிழமை மைக்குல வாசிப்பீங்களா?"

பருப்பை வாயில் போட்டு மென்றார். மேலாடையின் ஒரு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெயர்ப்பட்டியல், அவர் கையெழுத்தில். எண்ணினேன். இருபத்திரண்டு.

"பெரிய எழுத்துல அடிச்சுக் கொண்டா. மழை வரும்ங்கறாங்க, கண்ணாடி மங்கும்."

நான் இருபத்து மூன்று அடித்தேன்.

இதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எதிரே உட்கார்ந்து 'முடியாது' என்று சொல்ல வாய் வராதவள், ஆள் இல்லாத அறையில் ஒரு வரி சேர்த்தேன். அகர வரிசையில் ஆறாவது இடம். அவரை எனக்குத் தெரியும். தாளில் இருப்பதை வாசிப்பார். முப்பத்தொரு வருடம் அவர் செய்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. செத்தவர்களுக்குப் படைக்கும், சர்க்கரை தூவிய கோதுமைத் தட்டுகளின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருந்தார்கள். மலர்வளையம் வைப்பதில் யார் முதலில் என்று இரண்டு கட்சிக்காரர்களும் கல்லின் முன்னாலேயே தகராறு செய்தார்கள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வைத்தார்கள், வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. நகராட்சி வாசலில் எட்டாவது நாவலின் கட்டுகள், ஈரம் படாமல், அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தெமிஸ் ஐயா காக்கி மேலாடைக்குக் கீழே கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். தாளில் மழை விழாமல் அவருக்குக் குடை பிடிக்கும் வேலை எனக்கு.

பெட்டிக்கடையை அடைக்கவில்லை. நினைவுநாளில் எல்லாக் கடையும் அடைப்பது வழக்கம். அவள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். பத்திரிகைகளை உள்ளே எடுத்துவிட்டாள். வெறும் கிளிப்புகள் கயிற்றில் நனைந்துகொண்டிருந்தன.

முதல் பெயர். "இருக்கார்!" மூடி கழன்றது, டிக், மூடி மாட்டியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது பூட்டின வீடு, முரசில் ஓர் அடி. ஐந்தாவதுக்கு மூன்று பேரன்கள் சேர்ந்து கத்தினார்கள், அவருக்கு அது பிடித்திருந்தது, டிக்கை சற்றுப் பெரிதாகப் போட்டார்.

"ஃபோத்திஸ் தெர்வாஸ்!"

அந்தக் கனத்த குரல் சதுக்கத்தின் மறுகோடி வரை போனது. போன பிறகுதான் அவருக்குத் தான் வாசித்தது என்ன என்று தெரிந்தது. முன்வரிசையில் சால்தாஸின் தலை நிமிர்ந்தது. தெமிஸ் ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளக்காரருக்குக் கமிட்டி விவகாரம் எதுவும் தெரியாது. வழக்கம்போல முரசுக் கோலை உயர்த்தினார்.

"இருக்கார்!"

கோல் அந்தரத்தில் நின்றது.

தெமிஸ் ஐயா குரல் வந்த ஆளைத் தேடினார். ஆண்கள் நின்ற வரிசையில் தேடினார். கண்கள் ஒவ்வொரு முகமாக நகர்ந்தன. ஐம்பத்திரண்டு, அறுபது, எழுபத்தொன்று. அவருக்குத் தெரியாத எண் எதுவும் அங்கே இல்லை. வரிசையின் கடைசி வரை போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"இங்க!" என்றாள் ஃப்ரோஸோ. ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயரத் தூக்கியிருந்தாள். மழை அவள் முழங்கை வழியாக ஒழுகியது. "ஃபோத்திஸ் தெர்வாஸ் இருக்கார்!"

மேளக்காரர் கோலை மெதுவாகக் கீழே இறக்கினார். முரசை அடிக்கவில்லை. கூட்டம் முழுவதும் தெமிஸ் ஐயாவின் வலது கையைப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

அவர் குனிந்தார். எல்லோரும் பார்க்கும்படி பேனாவைத் தாளுக்குக் கொண்டு போனார். ஆறாவது பெயரின் எதிரே அது இறங்கி, சின்னதாக வளைந்து, மேலே ஏறியது. கடை ஜன்னலில் தூக்கிய கை இறங்கியது. மழைத்துளி ஒன்று என் குடைக் கம்பியிலிருந்து வழுக்கி, தாளில், டிக் இருக்க வேண்டிய வெள்ளை இடத்தில் விழுந்தது. பேனாவின் மூடியை அவர் கழற்றவே இல்லை.